ஒரு தடவை சொன்னால் எழுதிக்கொள்ளும்படி ஒரு மின்னஞ்சல் முகவரி

தொழிலுக்கென்று வைத்துக்கொள்ளும் மின்னஞ்சல் முகவரிக்கு முதல் தகுதி, அதைத் தொலைபேசியில் ஒரு தடவை சொன்னதும் எதிர்முனையில் இருப்பவர் பிழையில்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதுதான். அழகு, பொருள், ராசி எல்லாம் அதற்குப் பின்னால் வைத்துப் பார்க்க வேண்டியவை. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம் வட்டாரத்தில் மீன், கருவாடு, நண்டு, மிளகாய் வியாபாரம் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதுவதும், ஜிஎஸ்டி, உத்யம் என்ற சிறுதொழில் பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆகியவற்றுக்கான இணையப் பதிவுகளைச் செய்துகொடுப்பதும் என் வேலை. ஏறக்குறைய எல்லாப் படிவத்திலும் கைப்பேசி எண்ணை ஒட்டியே மின்னஞ்சலுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. தங்கள் படகுக்குப் பெயர் வைப்பதற்கு நாள் பார்த்து, பெரியவர்களைக் கேட்டு, பெயின்டரை வரவழைத்து அத்தனை சிரத்தை எடுத்துக்கொள்ளும் நம் ஆட்கள், இந்தக் கட்டத்தை மட்டும் 'ஏதாவது போட்டு விடுங்க' என்று சொல்லிக் கடந்துபோவது எனக்கு நெடுநாள் மனக்குறை.

அப்படி 'ஏதாவது' போடப்பட்ட முகவரிகள் எல்லாம் ஒரே அச்சில் இருக்கும். முதலில் குலதெய்வத்தின் பெயர், அடுத்து தகப்பனார் பெயர், அதன்பின் 'ட்ரேடர்ஸ்' அல்லது 'சீ ஃபுட்ஸ்', அந்தப் பெயர் ஏற்கெனவே யாரிடமோ இருப்பதால் கடைசியில் மகன் பிறந்த ஆண்டு, அதுவும் கிடைக்காவிட்டால் வண்டி எண். எல்லாம் சேர்ந்து முப்பது எழுத்துக்கு நெருங்கிவிடும். ஜிமெயிலில் பெயருக்கு 6 முதல் 30 எழுத்து வரை இடம் உண்டு என்பதால், அந்த இடம் முழுவதையும் நிரப்பியே தீர வேண்டும் என்று யாரோ சொல்லிவைத்தது போல இருக்கிறது. மின்னஞ்சலுக்கான தொழில்நுட்ப விதிகளின்படி அட் குறிக்கு இடப்பக்கம் 64 எழுத்தும், முகவரி மொத்தமும் 254 எழுத்தும் வரை போகலாம். ஆனால் அந்த எல்லைகள் கணினிக்காக வகுக்கப்பட்டவை. இறங்குதளத்தில் எஞ்சின் சத்தத்துக்கும் கச்சான் காற்றுக்கும் நடுவே கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதருக்கு, பத்து எழுத்தைத் தாண்டினாலே சிரமம்.

தமிழர்கள் ஆங்கில எழுத்துகளை வாயால் சொல்லிக்கொள்ளும்போது வருகிற தொல்லை தனி வகையானது, முகவரி தேர்ந்தெடுப்பவர்கள் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் நம் வாயில் 'பி' என்றே வருகின்றன. நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் 'டி' என்றே வருகின்றன. காதில் சரியாக விழுந்தாலும், எதிரில் இருப்பவர் அதைத் தமிழில் குறித்துக்கொண்டால் வேறுபாடு முழுவதும் அழிந்துபோகும். எம், என் இரண்டும் காற்றில் ஒன்றாகிவிடும்; எஃப், எஸ் இரண்டும் அப்படியே. என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு கருவாட்டு வியாபாரி தூத்துக்குடியில் இருக்கும் ஏற்றுமதி ஏஜென்டிடம் முகவரி சொன்னபோது நடந்த பேச்சு இது:

"பி போட்டுக்கோங்க அண்ணே."

"எந்த பி? பாம்பன் பி-யா, பாம்பே பி-யா?"

"பாம்பன் பி. அடுத்து ஏ. அதுக்கடுத்து ஒரு என். இல்லண்ணே, எம் இல்ல, என். நாகர்கோவில் என். அதுக்கப்புறம் டி."

"டெல்லியா, தொண்டியா?"

"தொண்டி டி அண்ணே. முடிச்சதும் கீழ ஒரு கோடு இழுங்க."

"எதுக்குக் கீழ? எழுத்துக்கு அடியிலயா, பக்கத்துலயா?"

இவ்வளவும் அட் குறிக்கு வந்து சேர்வதற்கு முன்னாலேயே. இறுதியில் "வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க தம்பி" என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். அனுப்பினால் தீர்ந்தது அல்லவா என்று கேட்கலாம். தெரிந்தவரிடம் தீரும். ஆனால் வங்கிக் கிளையின் கவுன்ட்டரிலோ, சுங்க முகவரின் அலுவலகத்திலோ, உள்ளூர்ப் பெயர்களே பழகாத கொச்சி அல்லது சென்னை அலுவலர் ஒருவர் படிவத்தைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்யும் இடத்திலோ, முகவரியின் நீளமும் குழப்பமும் நேராக நம் தலையில்தான் விடியும். ஓரெழுத்து தவறினாலும் கடிதம் திரும்பி வரும், அல்லது அந்த முகவரியை வைத்திருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச்சேரும். திரும்பி வந்தால் அனுப்பியவருக்காவது தெரியும். வேறொருவருக்குப் போய்விட்டால் இரு தரப்புக்கும் தெரியாது.

ஊர்ப்பெயரை முகவரியில் சேர்க்க விரும்புகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு: அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று கடைப் பலகைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். கீழக்கரைக்கு மூன்று விதமாவது பார்க்கலாம். ஒன்றில் இரண்டு ஈ இருக்கும், ஒன்றில் ஓர் ஐ மட்டும் இருக்கும், இன்னொன்றில் ழகரத்துக்காக இசட்டும் ஹெச்சும் நுழைந்திருக்கும். தொண்டிக்கு டி-க்குப் பக்கத்தில் ஹெச் வைப்பவர்களும் உண்டு, வைக்காதவர்களும் உண்டு. ராமேஸ்வரத்தில் எஸ்-க்குப் பின் ஹெச் வருமா என்பது இன்னும் முடிவாகாத வழக்கு. மன்னார் வளைகுடா என்று பெருமையோடு பெயர் வைப்பவர்கள் ஒவ்வொரு முறையும் "டபுள் என்" என்று சொல்லியாக வேண்டும். மண்டபம் ஓரளவு தப்பித்த ஊர். அதை யாரும் வேறு விதமாக எழுதி நான் பார்த்ததில்லை. ஊர்மேல் உள்ள பற்றைக் கடைப் பலகையிலும் பில் தலைப்பிலும் தாராளமாகக் காட்டலாம். முகவரியில், எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் சொல் மட்டுமே உதவும்.

எண்களையும் குறிகளையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அண்டர்ஸ்கோர் என்ற கீழ்க்கோடு வேண்டாம், முகவரியின் கீழே கோடு போட்டு நீல நிறத்தில் காட்டும் இடங்களில் அது கண்ணுக்கே தெரியாது. ஆண்டு எண் வேண்டாம். ஜிமெயில் முகவரியில் பெயருக்கு நடுவே வைக்கும் புள்ளியை கூகுள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே பெட்டிக்கு வந்துவிடும். மற்ற நிறுவனங்களின் முகவரியில் அப்படி நம்பிவிடக் கூடாது.

கண்ணை ஏமாற்றும் எழுத்துகளைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆங்கிலச் சிற்றெழுத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றால் 'எம்' போலத் தெரியும். சிற்றெழுத்து எல்லும் 1 என்ற எண்ணும், ஓவும் பூஜ்யமும் பல எழுத்துருக்களில் இரட்டைப் பிள்ளைகள். ஏற்றுமதித் தொழிலில் இதை வைத்தே மோசடி நடக்கிறது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே நடக்கும் கடிதப் போக்குவரத்தை எப்படியோ கண்காணித்துக்கொண்டிருப்பவர்கள், ஓரெழுத்து மட்டும் மாறிய டொமைன் (முகவரியில் அட் குறிக்கு வலப்பக்கம் வரும் பெயர்) ஒன்றைப் பதிவு செய்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த இன்வாய்ஸுக்கான பணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்பவும்" என்று விற்பவர் பெயரில் எழுதுவார்கள். முப்பது எழுத்து முகவரியில் ஓரெழுத்து மாறியிருந்தால் யார் கண்ணில் படும்? ஏழெட்டு எழுத்துள்ள, வாய்விட்டுப் படிக்க முடிந்த பெயரில் மாற்றம் இருந்தால் பழகிய கண் தடுக்கி நிற்பதற்கு வாய்ப்பு அதிகம். சின்ன முகவரியைக் கௌரவத்துக்காக மட்டும் நான் வலியுறுத்தவில்லை என்பதற்கு இது ஒன்றே போதும். அப்படி ஏதேனும் நடந்து பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சுருக்கமான பெயர் ஜிமெயிலில் இனிக் கிடைக்காது. 2004-இல் தொடங்கிய சேவை அது. நல்ல பெயர்கள் எல்லாம் எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டன. அதனால்தான் சொந்த டொமைன் தேவைப்படுகிறது. டொமைன் நம்முடையதாக இருந்தால் அட் குறிக்கு இடப்பக்கம் நாம் வைத்ததே பெயர். அங்கே நம்மோடு போட்டியிட யாரும் இல்லை.

சொந்த டொமைனுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. நம் பக்கத்தில் பல கடைகளின் மின்னஞ்சல், உண்மையில் மகனுடைய அல்லது மருமகனுடைய மின்னஞ்சல். கல்லூரிக்குப் போன காலத்தில் அவர் தனக்காகத் தொடங்கியதைக் கடைப் பதிவுக்கும் கொடுத்திருப்பார்கள். அவர் துபாய்க்கோ கத்தாருக்கோ போய்விட்டால், கடையின் கணக்குத் தணிக்கைக் கடிதமும் வங்கிக் கடிதமும் அங்கே அவர் கைப்பேசியில் விழும். இங்கே யாருக்கும் தெரியாது. அவர் அதைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023-இல் கொள்கை வகுத்து, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஜிஎஸ்டி தளத்தில் கையொப்பமிடும் அதிகாரம் பெற்றவரின் மின்னஞ்சலுக்கும் ஓடிபி போகிறது. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வைத்திருப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் விவரங்களை உறுதிப்படுத்த வேண்டியிருக்கிறது. இவற்றின் சாவி யாரோ ஒருவரின் கல்லூரிக் கால இன்பாக்ஸில் கிடப்பதை எண்ணினால் எனக்குக் கவலையாகவே இருக்கிறது. கடையின் முகவரி கடைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். நிர்வகிப்பவர் மாறினால் கடவுச்சொல் மட்டும் மாற வேண்டும்.

டொமைனுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில், ஒற்றைச் சரக்கின் பெயரைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்வேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் நண்டுக் கம்பெனிக்குச் சரக்குக் குறைவு; கருவாடு, கடற்பாசி, பனைவெல்லம் என்று வேறு பக்கம் கை நீள்கிறது. 2023-இல் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, மீன் வியாபாரிகளிலும் சிலர் மிளகாயில் இறங்கியிருக்கிறார்கள். முகவரியில் நண்டு என்று இருக்கும்போது மிளகாய் விலை கேட்டு எழுதுபவருக்குச் சரியான இடத்துக்குத்தான் எழுதுகிறோமா என்ற தயக்கம் வரும். அம்மன் பெயரும் அப்பா பெயரும் கடைப்பெயரில் இருந்தால், அவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து மூன்று நான்கு எழுத்தில் ஒரு சுருக்கம் செய்யலாம். ஆனால் அதில் பி, டி, எம், என் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வந்தே தீரும் என்றால், பள்ளிக்கூடத்தில் படித்த எவரும் ஒரே மாதிரி எழுதக்கூடிய ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுத்துவிடலாம். உப்பளக்காரர் 'சால்ட்' என்று ஒரு பகுதியை வைத்துக்கொண்டால் எழுத்துப்பிழைக்கு இடமில்லை. சரக்கு மாறாத தொழிலுக்கு அது பொருந்தும்.

முடிவு செய்வதற்கு முன் ஒரு சோதனை அவசியம். பெயரை எழுதிக் காட்டாமல், ஏலக்கூடத்தில் நிற்கும் ஒருவருக்கு அழைத்து வாயால் மட்டும் சொல்லி, அவர் காதில் விழுந்தபடி வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே ஐஸ் கம்பெனிக்காரரிடமும், லாரி புக்கிங் அலுவலகத்திலும், வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவரிடமும் கேளுங்கள். எல்லோரும் ஒரே மாதிரி அனுப்பினால் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். யாராவது ஒருவர் திரும்பக் கேட்டால், அடுத்த பெயரைப் பாருங்கள். வீட்டில் எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்பதைவிட இதுவே நம்பத்தக்க அளவுகோல்.

டொமைனின் வால் பகுதிக்கு 'டாட் இன்' நல்லது. இந்திய இணையப் பரிமாற்ற அமைப்பான நிக்ஸியின் பொறுப்பில் இருக்கும் டொமைன் அது. பெயர்கள் இன்னும் ஓரளவு கிடைக்கின்றன. ஆனால் மக்கள் வாயில் 'டாட் காம்' என்பதே பழக்கமாக ஊறியிருப்பதால், முடிந்தால் இரண்டையும் வாங்கி, காம் முகவரிக்கு வருவதும் நம் பெட்டிக்கே வரும்படி செய்துவிடலாம். நம் பெயரின் காம் வடிவம் ஏற்கெனவே வேறொரு வியாபாரியிடம் இருந்தால் அந்தப் பெயரையே விட்டுவிடுங்கள். நமக்கு வரவேண்டிய கடிதங்களில் ஒரு பங்கு அவருக்குத்தான் போகும்.

அட் குறிக்கு இடப்பக்கத்தில் ஆளின் பெயர் வேண்டாம் என்பது என் கருத்து, சிறிய கடைக்கு மட்டும். அங்கே வேலையின் பெயர் இருக்கட்டும்: இன்ஃபோ, சேல்ஸ், அக்கவுன்ட்ஸ். இன்ஃபோ, சேல்ஸ் போன்ற பொதுப் பெயர்களை இணையத் தரநிலை ஒன்று 1997-இலேயே பட்டியலிட்டிருக்கிறது. உலகம் முழுவதும் பழகிய பெயர்கள் என்பதால் வெளிநாட்டில் வாங்குபவருக்கும் விளக்கம் தேவையில்லை. மூன்றுக்கும் மூன்று தனிப் பெட்டி வாங்கிக் காசைச் செலவழிக்க வேண்டாம். ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றுப் பெயர்களாகச் சேர்க்கும் வசதி கூகுள் வொர்க்ஸ்பேஸிலும், மைக்ரோசாஃப்ட் 365-இலும், சென்னையைச் சேர்ந்த ஜோஹோ மெயிலிலும் இருக்கிறது. தங்கும் விடுதி நடத்துபவர்கள் 'ஸ்டே' என்றோ 'ரூம்ஸ்' என்றோ ஒரு பெயரை வைத்துக்கொண்டால் ராமேஸ்வரம் வரும் வடநாட்டு யாத்திரிகருக்கும் அது பிடிபடும்.

தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கும்போதே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். முடியும். 'டாட் இந்தியா' என்று முடியும் டொமைனைத் தமிழ் எழுத்திலேயே பதிவு செய்யலாம். அட் குறிக்கு இரு பக்கமும் தமிழ் எழுத்து இருக்கும் முகவரிகளுக்கான தரநிலை 2012-இல் வந்தது. அத்தகைய முகவரிகளுக்குக் கடிதம் அனுப்பவும் பெறவும் ஜிமெயில் 2014 முதல் வகைசெய்திருக்கிறது. அதில் பி, டி குழப்பம் இல்லை, ழகரத்துக்கு இசட் தேட வேண்டியதில்லை, கீழக்கரை கீழக்கரையாகவே இருக்கும். ஆனால் ஆங்கில எழுத்து மட்டுமே ஏற்கும் படிவங்கள் இன்னும் ஏராளமாக இருப்பதாலும், கொழும்பைத் தாண்டிய வாடிக்கையாளரின் விசைப்பலகையில் தமிழ் இருக்காது என்பதாலும், அதை இரண்டாம் முகவரியாக வைத்துக்கொண்டு உள்ளூர்ப் பலகையிலும் பையிலும் போடுவதே இப்போதைக்கு ஏற்றது. வசதி உள்ளவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். நாம் பயன்படுத்தாமல் அதற்கு வழி திறக்காது.

டொமைன் வாங்கிக் கொடுக்கும் பையனிடம் இரண்டு காரியங்களைக் கறாராகக் கேட்டு வாங்குங்கள். முதலாவது, பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் கைப்பேசி எண்ணிலும் இருக்க வேண்டும். அவர் பெயரில் இருந்தால் முகவரி அவருடையதே. டொமைனைப் பதிவு செய்துதரும் நிறுவனமான ரிஜிஸ்ட்ராரின் தளத்துக்கான கடவுச்சொல்லை எழுதி, கடைப் பத்திரங்களோடு வையுங்கள். டொமைனை ஒரே தடவையில் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்யலாம். குறைந்தது மூன்று ஆண்டுக்காவது கட்டிவிடுவது நல்லது. காலாவதியாகிக் கைவிட்டுப் போன டொமைனை வேறு யாரும் வாங்கலாம், வாங்கியவருக்கு உங்கள் வங்கிக் கடிதமும் கடவுச்சொல் மாற்றும் இணைப்பும் போய்ச்சேரும். இரண்டாவது, எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் டொமைனில் சேர்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். உங்கள் பெயரில் கடிதம் அனுப்ப எந்தச் சேவைக்கு உரிமை உண்டு என்பதையும், அந்தக் கடிதம் வழியில் திருத்தப்படவில்லை என்பதையும், இரண்டும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது என்பதையும் பெறுபவரின் சர்வருக்கு அவை சொல்கின்றன. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கடுமையாகிவிட்டது. முதல் இரண்டில் ஒன்றுகூட இல்லாமல் அனுப்பும் விலைப்பட்டியல் ஸ்பேமில் விழும், அல்லது திருப்பி அனுப்பப்படும்.

பழைய முகவரியிலிருந்து மாறும்போது அவசரம் கூடாது. முதலில் ஜிஎஸ்டி தளம், வங்கி, உத்யம், உணவுப் பாதுகாப்பு உரிமம், ஏற்றுமதிப் பதிவு என்று அரசு சார்ந்தவற்றை மாற்றுங்கள். பழைய பெட்டி திறக்கும் நிலையில் இருக்கும்போதே இவற்றைச் செய்து முடிக்க வேண்டும், ஏனென்றால் சில தளங்கள் மாற்றத்தை உறுதி செய்யப் பழைய முகவரிக்குத்தான் எழுதும். ஜிஎஸ்டியில் மின்னஞ்சல் மாற்றம் அதிகாரியின் ஒப்புதல் தேவைப்படாத திருத்த வகையைச் சேர்ந்தது. ஓடிபி கொடுத்ததும் முடிந்துவிடும். அதன்பின் வாடிக்கையாளர்களுக்குப் புதிய முகவரியிலிருந்து ஒரு வரி எழுதுங்கள், அதில் வங்கிக் கணக்கில் எந்த மாற்றமும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பழைய பெட்டிக்கு வருவது புதியதற்குத் தானாக வரும்படி ஃபார்வர்டு போட்டு, குறைந்தது இரண்டு ஆண்டுகள் உயிரோடு வைத்திருங்கள். இடையிடையே உள்ளே போய்ப் பார்க்கவும் வேண்டும். தெர்மாகோல் பெட்டியில் ஒட்டும் லேபிளைப் புதிதாக அச்சடித்துவிடலாம். மீதமிருக்கும் பில் புத்தகங்களைத் தூக்கிப்போட வேண்டாம். ராமநாதபுரம் கடைத்தெருவில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து, பழைய முகவரியின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் குத்திக்கொள்ளலாம்.